காயித் துப்பாக்கியின் இரண்டு பெட்டிகள்

எங்கள் புதன் சந்தையில் மாட்டை அறுத்தால், யாரோ ஒருவன் செத்திருக்கிறான் என்று பொருள். விருந்துக்கு ஆடு போதும். மாடு மன்னிப்புக்கு. கொன்ற வீட்டார் தலைப்பாகையைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, மாட்டை ஓட்டி வந்து, செத்தவன் வாசலில் நிறுத்துவார்கள். அறுப்பது நான். அவர்கள் கத்தியைத் தொட மாட்டார்கள். ஆயுதம் தாங்கும் கோத்திரத்தில் பிறந்தவன் நாலு பேர் பார்க்க மனிதன் கழுத்தை அறுக்கலாம், அது வீரம். சந்தையில் மாட்டை அறுத்தால் கசாப்புக்காரன் என்ற பெயர் வந்துவிடும். அந்தப் பெயரை எங்களுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

என் பெயர் ஹிஸாம். இது என் கதை இல்லை. என் கடைக்கு அடுத்த கடையில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த ஜுப்ரானின் கதை. தங்கமான மனிதன் என்று ஆரம்பித்தால் நீங்கள் தூங்கிவிடுவீர்கள். அவன் பிடிவாதக்காரன், கருமி. கிறக்கம் தரும் காத் இலை மெல்லும்போது பக்கத்தில் இருப்பவனுக்கு ஒரு தளிர்கூட நீட்ட மாட்டான். ஆனால் அவனுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பழைய இங்கிலீஷ் துப்பாக்கியைப் பார்த்திருப்பீர்கள். விசைக்கு முன்னால், வயிறு மாதிரி, ஒரு இரும்புப் பெட்டி தொங்கும். பத்துத் தோட்டா பிடிக்கும். இங்கிலீஷ்காரன் ஏடனை விட்டுப் போனபோது அவன் பெட்டிகளும் வருவது நின்றுவிட்டது. பெட்டி தொலைந்தவன், பெட்டி நசுங்கிப்போனவன் எல்லாம் மண்ணெண்ணெய் பீப்பாய்த் தகட்டை வெட்டி மடித்துச் செய்த பெட்டியை வாங்கினான். வெளியே கறுப்புச் சாயம் பூசி எண்ணெய் தடவிவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சண்டையில்தான் தெரியும். மேல் உதடு இரண்டும் விரிந்துவிடும், தோட்டா மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கும். எதிரே இருப்பவனுக்கு அவ்வளவு நேரம் போதும்.

அதனால் துப்பாக்கி வாங்குகிற எவனும் முதலில் பெட்டியைக் கழற்றிக்கொண்டு ஜுப்ரானிடம் வருவான். ஜுப்ரான் கட்டைவிரலை உதட்டில் வைத்து அழுத்துவான். நகத்தால் பக்கத்தில் ஒரு தட்டு, காதருகே வைத்து ஒரு குலுக்கு. தீக்குச்சியைக் கிழித்து உள்ளே பார்ப்பான். பீப்பாயின் பச்சைச் சாயம் எந்த மூலையிலாவது ஒட்டியிருந்தால் காறித் துப்புவான். "அசல்" என்றோ "தகரம்" என்றோ ஒரே வார்த்தை. மேற்கொண்டு பேசினால் பல் கொட்டிவிடும் என்பதுபோல வாயை மூடிக்கொள்வான்.

இதில் ஒரு வேடிக்கை. ஊர்த் துப்பாக்கிகள் எல்லாவற்றின் வயிற்றையும் பார்த்த அந்த மனிதன் ஒரு துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது. நாங்கள் சந்தைக்காரர்கள். கசாப்பு, சிரைப்பு, ரொட்டி, பட்டறை என்று இருப்பவர்களுக்கு ஆயுதம் கிடையாது, பதிலுக்குப் பாதுகாப்பு உண்டு. எங்களில் ஒருவனைக் கொன்றால் பதினோரு மடங்கு ஈடு. கறுப்பு அவமானம் என்பார்கள் அதை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. குண்டுக்கு அது தெரிய வேண்டுமே.

ஜுப்ரானின் ஒரே மகன் ஸாதிக், கூடையில் ரொட்டி எடுத்துக்கொண்டு சந்தையின் குறுக்கே நடந்துபோனபோது செத்தான். மேல் ஊர் ஷம்ஸான் வீட்டாருக்கும் கீழ் ஊர் முரைஹ் வீட்டாருக்கும் அன்றைக்கு ஏதோ வாய்த்தகராறு. இந்த வரிசைக் கடைகளில் அவர்கள், அந்த வரிசையில் இவர்கள். குண்டு தொண்டையில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கத்தைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. நான்தான் கையை வைத்து அழுத்தினேன். கழுத்து என் தொழில். அடைக்க முடியாது என்று தொட்ட உடனே தெரிந்துவிட்டது. அவன் அம்மா கஸால், நடுச் சந்தையில் ரொட்டி விற்கிறவள், மகனைப் பார்த்துவிட்டுக் கத்தவில்லை. சிதறிக் கிடந்த சோள ரொட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டே வந்தாள். ரத்தம் ஊறிய ரொட்டியையும் போட்டாள்.

யார் குண்டு என்று தெரியவில்லை. அதனால் இரண்டு வீட்டாரும் சேர்ந்து மாடுகள் கொண்டுவந்தார்கள். அவர்கள் ஒற்றுமையாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். காலையில் ஆரம்பித்து உச்சிவரை அறுத்தேன். சாக்கடை சிவப்பாக ஓடிற்று. கறியில் ஒரு துண்டுகூட ஜுப்ரான் வாயில் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு கஸாலை வேறு இடத்துக்கு மாறச் சொல்லி எத்தனையோ முறை கெஞ்சினான்.

"அந்த ஓரத்துல உக்காந்து வித்தா ரொட்டி வேகாதாடி?"

"எம்புள்ள விழுந்த எடம் இது. நான் எந்திரிச்சா அதுமேல கழுதையக் கட்டுவானுங்க. நீ போய் உன் தகரத்தப் பாரு."

இரண்டு வரிசைக்கும் நடுவே, குண்டு போகிற வழியிலேயே, அவள் உட்கார்ந்திருப்பாள். சந்தையில் எவன் குரலை உயர்த்தினாலும் ஜுப்ரான் கண் முதலில் அவள் பக்கம் போகும். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு தடவை இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே சுடக் கூடாது.

ஆனால் சாவு நின்றுவிடவில்லை. சந்தைக்கு வெளியே, வயல் படிகளில், கிணற்றடியில், பள்ளிவாசல் வழியில் என்று மாறி மாறிச் சுட்டுக்கொண்டார்கள். ஒரு முரைஹ்காரனைக் கிணற்றுக் கயிற்றோடு சேர்த்துக் கட்டி உள்ளே இறக்கிச் சுட்டார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் குடிக்கவில்லை. முரைஹ் வீட்டார் பதிலுக்கு ஒரு ஷம்ஸான்காரனின் முகத்தை அடையாளம் தெரியாமல் கல்லால் நசுக்கிப் போட்டார்கள். கடைசியில் நடுவர்கள் உட்கார்ந்தார்கள். அதிகம் கொன்றது ஷம்ஸான் வீட்டார் என்று கணக்காகி, அவர்கள் வழக்கப்படி அடைமானமாகத் துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள். தீர்ப்பு முடிகிறவரை அவை முரைஹ் வீட்டுப் பெரியவர் தைஃபல்லாவிடம் இருக்கும். முடிந்ததும் கொடுத்தபடியே திருப்பித் தர வேண்டும். அடைமானத் துப்பாக்கியில் ஒரு ஆணி மாறினாலும் அது திருட்டு. உடன்படிக்கை செத்துப்போகும்.

அந்தத் துப்பாக்கிகளில் ஒன்று காயித் ஷம்ஸானுடையது. கிழவர் செத்து வெகு காலமாயிற்று. அப்போது நாட்டை ஆண்ட இமாமின் படை கணவாயில் ஏறி வந்தபோது இந்த ஒரே துப்பாக்கியோடு தனியாக நின்று தடுத்தார் என்று பாட்டே உண்டு. கல்யாணத்தில் அதைப் பாடாவிட்டால் ஷம்ஸான்காரன் சாப்பிட உட்கார மாட்டான். இப்போது வீட்டுத் தலைவர் அவர் மகன் ஹாதி. ஹாதியின் மகன் முக்பில், பாட்டைக் கேட்டே வளர்ந்த முரடன்.

தீர்ப்பு முடிந்தது. ஈடும் கொடுத்தாயிற்று. திருப்பிக் கொடுப்பதற்கு முன் தைஃபல்லா எல்லாத் துப்பாக்கியையும் ஜுப்ரானிடம் அனுப்பித் துடைத்து எண்ணெய் போட வைத்தார். மரியாதைக்காகச் செய்தது. அதுவே வழியாயிற்று, பிறகு அதுவே வினையும் ஆயிற்று.

புதன்கிழமை சந்தையில் வைத்துக் கொடுத்தார்கள். முக்பில் தாத்தாவின் துப்பாக்கியை வாங்கி முத்தமிட்டான். பெட்டியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். முகம் மாறிற்று.

"எங்க நம்பர் எங்கடா?"

ஏடன் படையிலிருந்து வந்த அந்த வகைத் துப்பாக்கிகளில், உடம்பில் இருக்கிற எண் பெட்டியின் முதுகிலும் அடித்திருக்கும். இதில் முதுகு மொழுமொழுவென்று இருந்தது. அதுவரை வீட்டில் யாரும் கழற்றிப் பார்த்ததில்லை. சுவரில் மாட்டி வணங்காத குறையாக வைத்திருந்த பொருளை எவன் கழற்றுவான்? ஒரு வருஷம் எதிரி வீட்டில் இருந்ததால்தான் முக்பிலுக்குச் சந்தேகம் வந்தது.

"அசலப் புடுங்கிட்டுத் தகரத்தச் சொருகிக் குடுத்திருக்கீங்களேடா! எங்க தாத்தன் வயித்தையே கிழிச்சிட்டீங்களே!"

தைஃபல்லாவின் தம்பி மகன் ஸினான் முன்னால் வந்தான். "யாரடா திருடன்னு சொல்ற? உன் தாத்தன் வயித்துல என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கு என்னடா தெரியும்?"

இடுப்புக் கத்திகள் உறையை விட்டு வந்தன. இந்த வரிசைக்கு இவர்கள் ஓடினார்கள், அந்த வரிசைக்கு அவர்கள். தோட்டாவை உள்ளே தள்ளும் இரும்பு நாக்குகள் இழுபடும் சத்தம் கேட்டது. கஸால் நடுவில் உட்கார்ந்து மாவு பிசைந்துகொண்டிருந்தாள். ஒருத்தி எழுந்து போய்த் தொலையக் கூடாதா?

ஜுப்ரான் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் போய் நின்றான். "ஷேக்குமாரே! பெட்டியப் பாக்குறது யாரு? நான்தான? எங்கிட்டக் குடுங்க. எண்ணெய் ஊற வெச்சுப் பாத்து பொழுது சாயுற அஸர் தொழுகைக்குள்ள சொல்றேன். அதுவரைக்கும் ஒருத்தனும் விசையத் தொடாதீங்க."

பாதுகாக்கப்பட்டவன் கேட்டால் கொடுக்க வேண்டும். கொடுத்தார்கள். துப்பாக்கிகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரெதிரே காத் மென்றபடி காத்திருந்தார்கள்.

நான் அவன் கடைக்குள் போனேன். கதவைச் சாத்தினான்.

"தகரமா?"

"தகரம். பச்சைச் சாயம்கூட இருக்கு. தொடைக்கிறப்பவே பாத்தேன். யாரும் கேக்கல, நானும் சொல்லல."

"அப்ப தைஃபல்லா திருடன். போச்சு. நான் மாட்டுக்குச் சொல்லி வெக்கட்டுமா?"

"வாய மூடு."

விளக்குப் புகையைத் துப்பாக்கிக்குள் இருக்கும் பல்லில் பிடித்தான். பெட்டியைக் கவ்விப் பிடிக்கும் சிறு பல் அது. பிறகு பெட்டியைச் செருகிக் கழற்றினான். பெட்டியின் முதுகு மேட்டில், ஏற்கெனவே தேய்ந்து பளபளத்த பள்ளத்தில், கரி அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு மயிரிழை வெளியே இல்லை.

"பாத்தியா? ஒரு வருஷத்துல இந்தப் பள்ளம் விழாது. இதுங்க ரெண்டும் நாப்பது வருஷமாக் குடும்பம் நடத்துதுங்க. தகரத்தோட முதுகு தடிப்பு. அது உள்ள போகணும்னு எவனோ பல்ல அரத்தால ராவியிருக்கான். ராவுன எடத்துல பழைய துரு இருக்கு. தைஃபல்லா எதையும் எடுக்கல. கிழவன் காலத்துலேர்ந்தே இது தகரந்தான்."

"அப்ப அதையே சொல்லிரு."

"சொன்னா? 'உங்க தாத்தன் தகரத்த வெச்சுக்கிட்டுத்தான் பாட்டு வாங்குனாரு'ன்னு அவன் மூஞ்சிக்கு நேரா, முரைஹ்காரன் சிரிச்சுக்கிட்டு நிக்கிறப்ப சொல்லணும். சிரிச்சவன முக்பில் சுடுவான். நடுவுல யாரு உக்காந்திருக்கா?"

அசல் என்றால் முக்பில் பொய்யன். தகரம் என்றால் தைஃபல்லா திருடன். உண்மையைச் சொன்னால் கிழவர் கேலிப்பொருள். மூன்றுக்கும் சுடுவார்கள்.

ஜுப்ரான் மூலையில் இருந்த சாக்கைக் கொட்டினான். வருஷக்கணக்காக வாங்கிப் போட்ட உதிரிப் பெட்டிகள் கலகலவென்று விழுந்தன. அதில் தேடி ஒன்றை எடுத்துத் துணியால் துடைத்து என் முன்னே நீட்டினான். அசல் பெட்டி. முதுகில் எண். துப்பாக்கியில் இருந்த அதே எண்.

நான் இரண்டு எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். "இது உன்கிட்ட எப்பிடிடா?"

"ஆடு மேய்க்கிற ஒருத்தி பழைய இரும்போட கொண்டாந்தா. எங்க கெடந்துச்சுன்னு கேட்டேன். கணவாய்க்கு நம்ம பக்கம், ஆத்தோரமாம்."

கணவாய் மேலே. ஆறு கீழே, வெகு தூரத்தில். நின்று சுட்டவனின் பெட்டி அங்கே போய் எப்படி விழும்? ஓடினவனின் பெட்டிதான் விழும். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜுப்ரான் என் வாயைக் கையால் அடைத்தான்.

"சிரிச்சே, உன் கத்தியாலயே உன்ன அறுத்துருவேன். இந்தா பாரு. துடைக்கிறதுக்கு எங்கிட்டத்தான குடுத்தாங்க? நான் மாத்திப் போட்டுட்டேன்னு சொல்லப்போறேன். என் சாக்குல கெடந்த தகரம் அதுல போயிருச்சு, அசல் சாக்குல விழுந்துருச்சு. தப்பு என்னோடது. அவன் பொய்யனும் இல்ல, இவன் திருடனும் இல்ல. சந்தைக்காரன் தப்புப் பண்ணுனா அது யாருக்கும் அவமானம் கிடையாது. நாலு அடி அடிப்பானுங்க. அவ்வளவுதான்."

"அப்புறம் எவன் உன்கிட்டப் பெட்டி கொண்டாருவான்? பெட்டிய மாத்திப் போடுற பெட்டிக்காரன்கிட்ட?"

"ரொட்டி சுடுறதுக்கு அவளுக்கு வெறகு ஒடச்சுக் குடுக்குறேன்."

அசலைத் துப்பாக்கியில் செருகினான். உட்கார்ந்தது. ஆனால் விரலால் அசைத்தால் ஆடிற்று. தகரத்துக்காக ராவிய பல், அசலின் மெல்லிய முதுகை நுனியில்தான் பிடித்தது. ஜுப்ரான் உதட்டைக் கடித்துக்கொண்டான். "புதுப் பல் வெக்கணும். ரெண்டு நாள் வேல." வெளியே பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள்.

நடுச் சந்தையில் வைத்துச் சொன்னான். மண்ணில் முட்டி போட்டு, இரண்டு வீட்டாருக்கும் பொதுவாகத் தலையைக் குனிந்து, தன் கை தடுமாறிவிட்டது என்றான். முக்பில் எண்ணைத் தடவித் தடவிப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஜுப்ரானின் கன்னத்தில் மாறி மாறி அறைந்தான். உதடு கிழிந்தது. தைஃபல்லா அவன் தலைப்பாகையில் துப்பினார். "கண்ணு தெரியலன்னா வீட்ல கெடடா குருட்டு நாயே. உன்னால இன்னைக்கு எத்தன பேரு செத்திருப்பாங்க?" என்றார். சந்தை முழுக்கச் சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர், ஜுப்ரான் அசல் என்று சொன்னதால் உயிரோடு இருப்பவர்கள். நன்றி கெட்ட ஜென்மங்கள்.

அவன் வாயில் ரத்தத்தோடு முக்பிலின் அங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னான். "தம்பி, ஒண்ணு கேளு. பல்லு தேஞ்சிருக்கு. அடுத்த புதன் கொண்டா, சரி பண்ணித் தர்றேன். அதுவரைக்கும் தோட்டா போடாத. பெட்டி நிக்காது."

"என் துப்பாக்கிய இனிமே நீ தொடுவ?" என்று முக்பில் அவனை உதைத்துத் தள்ளினான்.

தப்புக்கு ஈடாக ஜுப்ரான் ஒரு கிடா கொடுத்தான். நான் அறுத்தேன். இரண்டு வீட்டாரும் ஒரே தட்டில் கறி தின்றார்கள். கஸால் ரொட்டி கொண்டுவந்து வைத்தாள். புருஷனின் கிழிந்த உதட்டைப் பார்த்து, "இதுக்குத்தான் தகரத்தப் பாருன்னு சொன்னனா?" என்றாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். தன் முக்காட்டு முனையால் அவன் வாயைத் துடைத்துவிட்டாள். சந்தையில் எல்லோரும் பார்க்கப் புருஷனைத் தொட்டாள் அவள்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஸினானுக்கு வாய் சும்மா இருக்குமா? கறித் தட்டில் கை வைத்தபடியே கேட்டான்: "என்ன முக்பில், தாத்தாவோட வயிறு கெடச்சிருச்சா? பசிக்கும், பாத்துத் தீனி போடு."

மூன்றாம் நாள் விடிந்ததும் முக்பில் காயித் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, ஸினான் காத் தோட்டத்துக்குப் போகிற வழியில் பாறைக்குப் பின்னால் படுத்துக்கொண்டான். பத்துத் தோட்டாவையும் நிரப்பியிருந்தான். தாத்தாவின் அசல் பெட்டியாயிற்றே! முதல் குண்டு ஸினானின் தாடையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அந்த உதைப்பில் பெட்டி கழன்று பாறையில் மோதி, கீழ்ப் படி வயலில் போய் விழுந்தது. முக்பில் துப்பாக்கி நாக்கை இழுத்தான், தள்ளினான், சுட்டான். உள்ளே ஒன்றும் இல்லை. மறுபடி இழுத்தான். ஸினான் பாதி முகம் தொங்க, கூட வந்தவர்களோடு பாறையில் ஏறி வந்தான். அவர்கள் குண்டை வீணாக்கவில்லை. கத்தியால் செய்தார்கள். உடம்பைக் கழுதையில் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். நான் மாட்டை அவ்வளவு துண்டாக்க மாட்டேன்.

உடன்படிக்கையை உடைத்தவன் முக்பில். அதனால் அவன் ரத்தத்துக்கு முரைஹ் வீட்டாரிடம் ஒன்றும் கேட்க முடியாது. நடுவர்களும் அதையே சொல்லிவிட்டார்கள். ஹாதிக்கு மகன் செத்தான், பழி வாங்க எதிரே ஆள் இல்லை. அந்த மனிதருக்கு அதுதான் பெரிய வலி. பழி இல்லாத சாவை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல், புதன்கிழமை ஆட்களோடு சந்தைக்கு வந்தார். ஒரு கையில் துப்பாக்கி, இன்னொரு கையில் வயலில் பொறுக்கிய பெட்டி. நேரே ஜுப்ரான் கடை முன்னால் நின்றார்.

"இது என்னது?"

"அசல், பெரியவரே."

"அசல்னா ஏன் விழுந்துச்சு? எம்புள்ள செத்துட்டான். நீ குடுத்த பெட்டி விழுந்து செத்தான். நீ முரைஹ்காரன்கிட்டக் காசு வாங்கிட்டு மாத்திக் குடுத்தியா? சொல்லுடா!"

நான் ஜுப்ரானைப் பார்த்தேன். வாங்கினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் திரும்பவும் இரண்டு வரிசையும் சுடும். இல்லை, தெரியாது என்றாலும் சுடும். நடுவில் கஸால் மாவைக் கையில் உருட்டிக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்திருந்தாள்.

"முரைஹ்காரங்க எதுவும் பண்ணல," என்றான் ஜுப்ரான். சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். "அவங்க வாங்கினத அப்பிடியே குடுத்தாங்க. தகரந்தான் உங்களோடது. உங்க அய்யா காலத்துலேர்ந்து அதுதான் இருந்துச்சு. அசல் எங்கிட்ட ஆத்தோரத்துலேர்ந்து வந்துச்சு. சண்ட வரக்கூடாதுன்னு நான் பொய் சொன்னேன். இந்தத் துப்பாக்கிக்கு அசல் சேராது. தகரந்தான் நிக்கும். தம்பிகிட்டச் சொன்னேன், கேக்கல."

ஆற்றோரம் என்ற வார்த்தை ஹாதியின் முகத்தில் இறங்கியதை நான் பார்த்தேன். அவருக்கு வழி தெரியும். கணவாய் எங்கே, ஆறு எங்கே என்று அவருக்குத் தெரியாதா? யாரும் சிரிக்கவில்லை. யாராவது சிரித்திருந்தால்கூட அவர் வேறு பக்கம் திரும்பியிருப்பார்.

"அந்தத் தகரத்தக் குடு," என்றார்.

ஜுப்ரான் எடுத்து, துணியால் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினான். அப்படித்தான் நீட்டுவான், யாருக்கும். ஹாதி அசலைக் கீழே போட்டார். தகரத்தில் தோட்டாக்களை ஒவ்வொன்றாக அழுத்தினார். செருகினார். டக்கென்று பிடித்துக்கொண்டது. விரலால் அசைத்துப் பார்த்தார். ஆடவில்லை.

"நிக்குதே," என்றார், ஏதோ குழந்தைக்குப் புரிந்ததுபோல.

சுட்டார். நெஞ்சில் ஒன்று. ஜுப்ரான் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்தான். துப்பாக்கி நாக்கை இழுத்துத் தள்ளி இன்னொன்று, வயிற்றில். இன்னொன்று. தோட்டா மூக்கைக் குத்தவில்லை, உதடு விரியவில்லை, ஒன்றும் மக்கர் பண்ணவில்லை. பத்தும் தீர்கிறவரை பெட்டி அப்படியே நின்றது. உதிரிப் பெட்டிகள்மேல் ரத்தம் சொட்டும் சத்தம் எனக்குக் கேட்டது. இந்த முறை நான் கையை வைத்து அழுத்தவில்லை. எந்த ஓட்டையை அழுத்துவது?

மற்ற வரிசையில் ஒருவனும் திருப்பிச் சுடவில்லை. ஜுப்ரானுக்கு வேண்டியது அதுதானே? கிடைத்துவிட்டது.

பாதுகாக்கப்பட்டவனை, சந்தையில், ஆயுதம் இல்லாதபோது கொன்றது கறுப்பு அவமானம். ஷம்ஸான் வீட்டாருக்குப் பெண் கொடுக்க மாட்டோம், தண்ணீர் கொடுக்க மாட்டோம் என்று சுற்று ஊர்க் கோத்திரங்கள் எல்லாம் சொல்லிவிட்டன. பதினோரு மடங்கு. பதினோரு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். ஹாதி தலைப்பாகையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, காயித் துப்பாக்கியை அடைமானமாகக் கஸாலின் முன்னால் மண்ணில் வைத்தார். அவள் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"துப்பாக்கி எனக்கெதுக்கு? அந்தப் பெட்டியக் கழட்டிக் குடு," என்றாள்.

கழற்றிக் கொடுத்தார். அதைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ரொட்டிக்கூடையின் அடியில் போட்டாள்.

பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாடுகள் கயிற்றை இழுத்துக் கத்தின. மாடு விழுந்தால்தான் மன்னிப்பு விழும். ஒரு வார்த்தைக்கும் காத்திருக்காமல் அறுத்துப் பழகியவன் நான். ஸாதிக்குக்கு அறுத்தேன். எவனெவனுக்கோ அறுத்தேன். அன்றைக்கு என் கை எழவில்லை. கத்தியை மடியில் வைத்துக்கொண்டு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஹிஸாம், வா," என்றார்கள்.

"எனக்கு ஒடம்பு சரியில்ல."

"எவ்வளவு வேணும் உனக்கு?"

"ஒடம்பு சரியில்லன்னேன்."

பக்கத்து ஊர்க் கசாப்புக்காரனுக்கு ஆள் போயிற்று. அவனுக்கும் உடம்பு சரியில்லையாம். வெயில் ஏறிற்று. கடைசியில் ஹாதி தன் இடுப்புக் கத்தியை உருவினார். மாட்டின் காலைக் கட்டத் தெரியவில்லை. கழுத்தில் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. மேலே குத்தினார், எலும்பில் இடறிற்று. மாடு பாதி அறுபட்ட கழுத்தோடு திமிறி எழுந்து, அவரை மண்ணில் இழுத்துக்கொண்டு ஓடிற்று. வெள்ளை அங்கி முழுக்க ரத்தமும் சாணமும். அவர் ஆட்கள் துரத்திப் பிடித்துத் தள்ளி, ஆளுக்கொரு பக்கம் கண்டபடி குத்தினார்கள். மாடு சாகாமல் கத்திற்று. சந்தையே பார்த்துக்கொண்டிருந்தது. சுற்று ஊர்க்காரர்களும் பார்த்தார்கள். ஷம்ஸான் வீட்டுத் தலைவர் நடுச் சந்தையில் கசாப்பு வேலை செய்துகொண்டிருந்தார்.

அவர் மண்டியிட்டபடியே என் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தம் வழிய, மூச்சிரைக்க, வாழ்நாளில் முதல் முறையாக எங்களில் ஒருவனை அப்படிக் கூப்பிட்டார்.

"தம்பி... ஒரு கை குடுப்பா."

நான் கத்தியைத் தீட்டுகல்லில் வைத்து மெதுவாக இழுத்தேன்.

"பழகணும், பெரியவரே," என்றேன். "இன்னும் பத்து இருக்கு."